கை திறக்கும் நேரம்

பெல்ட்டை இன்னும் ஒரு ஓட்டை இழுத்தால் மூச்சு நிற்கும், இழுக்காவிட்டால் மனசு நிற்காது, இதில் எதை விட எதைப் பிடிக்க என்று தெரியாமல் பலவேசம் கொக்கியைக் கையில் வைத்தபடி நின்றான். நாலு விரல் அகலத்துக்குத் தோல் பெல்ட். மூன்றாவது ஓட்டையில் கிடந்ததை நாலாவதுக்கு இழுத்தான். வயிறு ஒட்டி விலாவில் ஏறிக்கொண்டது. முன்னால் ஜிம் தரையில் ராடு கிடக்கிறது. ரெண்டு பக்கமும் கறுத்த பிளேட்டுகள், எல்லாம் சேர்த்து நூற்று நாற்பது கிலோ. கிடக்கிற கிடையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அசைபோட்டு முடித்த எருமை மாதிரி சாதுவாகக் கிடக்கும். கையை வைத்த பிறகுதான் அது பூமிக்குள்ளே வேர் விட்டிருப்பது தெரியும். மணி நாலரை. அஞ்சு மணிக்குள் ஆவுடையப்பனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது போன் வந்தது. "ஏல பலவேசம், நாளைக்குக் கல்லிடைக்குறிச்சியில கல்யாணம். அறுநூறு எல. சோத்துப் பக்கம் நீயும் நானும். அஞ்சு மணிக்குள்ள ஒரு வார்த்த சொல்லிரு, இல்லன்னா நான் வேற ஆளுக்குச் சொல்லணும்லா." அவ்வளவுதான், வைத்துவிட்டார். பத்தொன்பது வருசமாக ரெண்டு பேரும் ஜோடி. கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் சோத்து அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கி, நாலு எட்டு தூக்கிக்கொண்டுபோய், வடிகாலில் சரித்துக் கஞ்சி வடிக்கிற வேலை. ஆளுக்கு ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்தைத்தான் அஞ்சு மாசமாகப் பலவேசம் தொடவில்லை. அஞ்சு மாசத்துக்கு முன்னால் அவன் பக்கம் கீழே போயிற்று, ஆவுடையின் வலது கால் வெந்து போயிற்று. இப்போது கூப்பிடுகிறார். வருகிறேன் என்று சொல்லவும் நாக்கு வரவில்லை, வரவில்லை என்று சொல்லவும் நாக்கு வரவில்லை. அதனால் ராட்டிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான். நூற்று நாற்பதைத் தூக்கிப் பத்து எண்ணுகிற வரைக்கும் கை தாங்கினால் வருகிறேன் என்று சொல்வது. தாங்காவிட்டால் காய்ச்சல் என்று சொல்லிவிடுவது. இந்தத் தடவை போகாவிட்டால் இனிமேல் ஆவுடை கூப்பிடமாட்டார் என்பதும் தெரியும். வேறு ஒருத்தன் அந்தப் பக்கம் வந்து நிற்பான், நின்றால் நின்றதுதான்.

இடது கையை விரித்துப் பார்த்தான். நாலு விரலுக்கும் அடியில் நாலு காய்ப்பு, உளுந்தம்வடை மேல் தோல் மாதிரி தடித்து மஞ்சளாய். இந்தக் கையையா நம்புவது? பார்க்க நல்ல கைதான். அதுதான் பயமே. நோயாளிக் கை என்றால் நோயாளி என்று தெரியும், வாத்தியாரடி வாங்கின பிள்ளை மாதிரி நடுங்கினால் நடுங்குது என்று சொல்லிக்கொள்ளலாம். இது ஒன்றும் சொல்லாமல் கும்மென்று இருக்கிறது. அஞ்சு மாசமாக இதற்கு என்னென்ன செய்தான்! படுக்கையில் கிடந்து விரல் நடுவே சுருள்வில்லை அமுக்கினான். ஈரத்துண்டை முறுக்கிப் பிழிந்தான். பழைய பேப்பரை ஒரு கையாலேயே கசக்கி எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டினான். மேலே குறுக்குக் கம்பியில் வௌவால் மாதிரி தொங்கினான். ரெண்டு கையிலும் முப்பது முப்பது கிலோவைத் தூக்கிக்கொண்டு ஜிம் வாசலுக்கும் கண்ணாடிக்கும் நடந்தான். வீட்டுக்காரி முப்பிடாதி வாசல் கூட்டும்போதெல்லாம் ஒரு பாட்டம் அழுவாள். "கசக்கிப் போட்ட பேப்பர யாரு பெறக்குததாம்? கை வழுக்குனதுக்கு இடுப்புல பெல்ட்டு கட்டுத ஆள நான் இப்பத்தான் பாக்கேன்." இடுப்பு நின்றால்தான் கை நிற்கும் என்று ஜிம்காரன் மீரான் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னான். "அப்ப தலவலின்னா காலுக்குத் தைலம் தேச்சிக்கிடுவீயளோ" என்றாள். சிரிப்பு வந்தது. சிரித்தபிறகு, கை வழுக்குனதுக்கு, கை வழுக்குனதுக்கு என்று அந்த ஒரு சொல் மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது. அதை விழுங்க முடியாமல்தான் மறுநாளும் ஜிம்முக்குப் போனான். எடை ஏறிக்கொண்டே வந்தது. அறுபது, எண்பது, நூறு, நூற்று இருபது. ஆனால் எல்லாம் ஸ்ட்ராப் போட்டுத்தான். ஸ்ட்ராப் என்றால் மணிக்கட்டில் மாட்டி ராட்டில் சுற்றிக்கொள்கிற நாடா. சுற்றிவிட்டால் கை நினைத்தாலும் திறக்க முடியாது, ராடு கையோடு கட்டிக்கிடக்கும். ஜிம்முக்கு வந்த முதல் மூன்று மாசமும் அப்படிக் கட்டிக்கொண்டு பலவேசம் நிம்மதியாகத் தூக்கினான். அந்த நிம்மதியில் ஒரு கிறுக்குத்தனமும் செய்தான். விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பேர் வைக்கிற வீட்டில் சின்ன அண்டாதானே, பழகிப் பார்ப்போம் என்று போனவன், மடியிலிருந்து ஸ்ட்ராப்பை எடுத்து அண்டா வளையத்தில் சுற்றி மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு நின்றான். எதிர்ப்பக்கம் பிடிக்க வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டு, "யோவ், நீ தடுக்கி விழுந்தா அண்டா உன் மேலல்லாய்யா வரும், கட்டிக்கிட்டுச் சாகவா வந்த" என்று ஓடியே போனான். எல்லாரும் சிரித்தார்கள். பலவேசமும் சிரித்தான். கட்டாத கையோடு அண்டாப் பக்கத்தில் நிற்பதைவிடக் கட்டிக்கொண்டு சாவது எவ்வளவோ மேல் என்று அவன் நினைத்ததை யாரிடம் சொல்ல?

"அண்ணாச்சி, என்ன ராடு கூட பேச்சுவார்த்தையா?" என்றான் மீரான். முப்பத்திரண்டு வயசு, ஒரு காலத்தில் மாவட்டப் போட்டியில் தூக்கினவன். "இன்னைக்கு ஸ்ட்ராப் கெடையாது. போன வாரமே சொல்லிட்டேன். கை படிக்க வேண்டிய பாடத்த நாடா படிச்சிக்கிட்டு இருக்கு." சுவர் ஓரத்தில் தொந்தி கரைக்க வருகிற கூட்டுறவு வங்கிக் குமாஸ்தா பூதலிங்கம் சைக்கிளை மிதித்துக்கொண்டே, "மாஸ்டரு, நாளைக்கு யார் வீட்டுக் கல்யாணம்? பாயாசத்துக்கு மட்டும் தலையக் காட்டட்டுமா?" என்று பலவேசத்தைக் கேட்டார், உள்ளே வரும்போதே அவன் கல்யாண விஷயத்தைச் சொல்லியிருந்தான். "மிதிங்க சார், பாயாசத்த நெனச்சிக்கிட்டு மிதிங்க" என்றான் மீரான். பலவேசம் சாக் பொடியில் கையைப் புரட்டினான். வெள்ளை வெளேரென்று, அரிசிமாவில் விழுந்த கை. குனிந்தான். ராடு காலோடு ஒட்டி இருக்கணும், கெண்டைக்கால் எலும்பில் உரசணும். ராட்டில் பிடிக்காக அராவி விட்ட சொரசொரப்பு விரல் மடிப்பில் கடித்தது. மீரான் பின்னால் நின்று ஓதுகிறான். வயித்த உள்ள இழுக்காதீங்க, வெளிய தள்ளுங்க, பெல்ட்ட முட்டித் தள்ளுங்க, மூச்ச அடக்குங்க, தரைய மிதிச்சு எந்திரிங்க. மூச்சை இழுத்து வயிற்றில் கட்டினான். பெல்ட் இடுப்பைச் சுற்றி ஒரு ஆள் கட்டிப்பிடித்த மாதிரி இறுகிற்று. காதுக்குள் இரைச்சல். தூக்கினான். வரவில்லை, வரவில்லை, பிறகு வந்தது, முட்டியைத் தாண்டிற்று, நிமிர்ந்து நின்றான். ஒன்று. இவ்வளவுதானா? ரெண்டு. இடது கை இருக்கிறதா என்று பார்க்கக்கூடாது, பார்த்தால் அது தெரிந்துகொள்ளும். மூணு. கை எங்கேயோ தூரத்தில் இருந்தது, பக்கத்துத் தெருவில் யாரோ வைத்துக்கொண்டிருக்கிற மாதிரி. சுண்டுவிரல் மெல்ல அசைந்தது. அசைந்ததா, அசைந்தது என்று நினைத்தானா? நினைத்தால் போதும் அதற்கு. நாலு. நாலு என்று சொல்லி வாய் மூடவில்லை, டமார் என்று தரை அதிர்ந்தது. ராடு உருண்டு கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. பலவேசம் ஒரு எட்டுப் பின்னால் குதித்திருந்தான். குதித்த குதிப்புத்தான், ராடு விழுந்ததுகூட இல்லை, தான் குதித்த அந்தக் குதிப்புத்தான் அவனுக்கு உறைத்தது. அன்றைக்கும் இப்படித்தான் குதித்தான். இதே காலால், இதே ஒரு எட்டு. பூதலிங்கம் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஏய்யா, கட்டடம் நிக்குதா?" என்றார். "அஞ்சு நிமிசம் உக்காருங்க" என்றான் மீரான். "பலம் இருக்கு அண்ணாச்சி. பயந்துட்டீய. ஒரு அண்டா எவ்வளவு கனம் இருக்கும்?" எண்பது கிலோ வரும் என்றான் பலவேசம். "ரெண்டு பேருக்கு எண்பது. ஆளுக்கு நாப்பது. நீங்க நூத்திநாப்பது தூக்குதீய. பெறகு என்ன?" பெறகு என்னவா. அது தெரிந்தால் இங்கே எதற்கு வருகிறான்?

பெஞ்சில் உட்கார்ந்தான். பெல்ட்டைத் தளர்த்தாமலேயே உட்கார்ந்தான், தளர்த்தினால் உள்ளே இருக்கிறதெல்லாம் சரிந்துவிடும் போல. பக்கத்தில் போன் கிடந்தது. நாலு முப்பத்தெட்டு. அன்றைக்கு எல்லாரிடமும் கை வழுக்கிட்டு என்றுதான் சொன்னான். ஆவணி மாசம், ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடியுமுன்னாலேயே எல போடுங்க எல போடுங்க என்று மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுத்தினார்கள். உலை கொதித்து அரிசி மலர்ந்து நிற்கிறது. காய்ந்த துணியெல்லாம் எவனோ சாம்பார் இறக்க எடுத்துப்போய்விட்டான். கையில் அகப்பட்டது தரை துடைத்த துணி, பிழிந்த ஈரம். ஈரத்துணியால் சூட்டுப் பாத்திரம் பிடிக்கக்கூடாது என்று அடுப்படியில் நாலு நாள் நின்றவனுக்குத் தெரியும், ஈரத்தின் வழியாகச் சூடு ஒரே ஓட்டமாய் ஓடி வந்துவிடும். பலவேசத்துக்குத் தெரியாதா? நாலு எட்டுத்தானே என்று நினைத்தான். ஆவுடை அந்தப் பக்கம் குனிந்து, "பிடிச்சாச்சா?" என்றார். "பிடிச்சாச்சு" என்றான். தூக்கினார்கள். ஒரு கை வளையத்தில், ஒரு கை அடிவிளிம்பில். அவனுக்கு இடது கை வளையத்தில். முதல் எட்டு. ரெண்டாவது எட்டு. அங்கே, அந்த ரெண்டாவது எட்டில், வழுக்கிட்டு. அண்டா அவன் பக்கம் தரையில் இடித்தது, கொதிகஞ்சி தரையில் பாய்ந்தது, அவன் குதித்துப் பின்னால் நின்றான். ஆவுடை விடவில்லை. அவரும் விட்டிருந்தால் அண்டா உருண்டு, அந்தப்பக்கம் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த பொம்பிளைகள் மேல் போயிருக்கும். எண்பது கிலோவை ஒத்த ஆளாய்ப் பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார், நின்ற நிலையில் கஞ்சி ஓடி வந்து அவர் வலது காலைச் சுற்றிக்கொண்டது. அப்போதும் விடவில்லை. யாரோ ஓடிவந்து பிடித்த பிறகு, "விடுதேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விட்டார். அதுதான் சமையல்கட்டு நடைமுறை. எழுதிவைத்த சட்டம் இல்லை, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. கை வெந்தாலும் சரி, கொப்புளித்தாலும் சரி, விடுதேன் என்று வாயால் சொல்லாமல் ஜோடியில் ஒருத்தன் விடக்கூடாது. சொன்னால் மற்றவனும் சேர்ந்து இறக்குவான். ஒரு சொல், ஒரு மூச்சு நேரம். பலவேசம் சொல்லவில்லை. எப்படிச் சொல்ல, வழுக்கினால் சொல்லிவிட்டா வழுக்கும்? தலைமைச் சமையல்காரர்கூட, "கஞ்சிப் பசை, வழுக்கத்தான் செய்யும்" என்று அவன் தோளில் தட்டினார். அவன் உள்ளங்கையில் இருந்த ரெண்டு கொப்புளத்தை யாரும் பார்க்கவில்லை. மூடி வைத்துக்கொண்டான். வழுக்கின கைக்குக் கொப்புளம் எதற்கு என்று எவனாவது கேட்டால்? எவனும் கேட்கவில்லை. அவன்தான் கேட்டுக்கொண்டான், ராத்திரி பகல் என்று இல்லாமல். வழுக்கல, கை தானாத் திறந்துட்டு என்று பதில் சொல்லிக்கொண்டான். இது கொஞ்சம் பக்கத்தில் வந்த பதில். சூடு பட்டால் கை தானாகத்தானே திறக்கும், பாம்பை மிதித்த கால் தானாகத்தானே எடுக்கும், அதில் மனுசன் எங்கே வந்தான்? கைதான் செய்தது. அதனால் கையைத்தான் திருத்த வேண்டும். அதனால்தான் வில், துண்டு, பேப்பர், தொங்கல், ராடு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தும் அந்தச் சரி ஒரு கால் ஆட்டமான பெஞ்சு மாதிரி, உட்காரும்போதெல்லாம் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது.

ஆவுடைக்கு நாற்பது நாள் கட்டு. பார்க்கப் போனபோது திண்பண்டம் எதுவும் வாங்கிப்போகக் கூச்சமாக இருந்து, வெறுங்கையோடு போய் நின்றான். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார். "நீ ஏம்ல இப்படி மெலிஞ்சிட்ட?" என்று அவர்தான் கேட்டார். சின்னவிரலும் அடுத்த விரலும் ஒட்டிக்கொண்டு ஆறியது. இப்போது பாதத்தை ஓரமாகச் சாய்த்து வைத்து நடக்கிறார், வரப்பில் நடக்கிறவர் மாதிரி. அஞ்சு மாசத்தில் ஒரு தடவைகூட, அன்னைக்கு என்னல ஆச்சு என்று கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவேளை தெரியுமோ? அவர் எதிரே நின்றவர்தானே. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர். தெரிந்துகொண்டேதான் கூப்பிடுகிறாரோ? எதற்கு? இன்னொரு தடவை சோதிக்கவா? இல்லை, தெரியாமல் கூப்பிடுகிறார் என்றால் அது இன்னும் மோசம். தெரியாத ஒருத்தரை அந்தப் பக்கம் நிறுத்தி, இந்தப் பக்கம் இந்தக் கையோடு நிற்பது. நாளைக்கும் அந்த ரெண்டாவது எட்டு வரும். நாளைக்கும் ஆவி முகத்தில் அடிக்கும். பிடிச்சாச்சா என்பார். பிடிச்சாச்சு என்று சொல்ல வேண்டும். மறுபடி காலா? இந்தத் தடவை இடது காலா, இல்லை முட்டிக்கு மேலா? பக்கத்தில் வாழைக்காய் சீவுகிற பொம்பிளைகள் இருப்பார்கள், எப்போதும் இருப்பார்கள். பலவேசத்துக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. பெல்ட்டுக்கு அடியில் பனியன் ஒட்டிக்கொண்டு குளிர்ந்தது. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். காய்ச்சல்தான் இது, தொட்டுப் பார்த்தால் சுடக்கூடச் செய்யும். போனை எடுத்தான். நாலு நாற்பத்தாறு. கீழே வைத்தான். "அண்ணாச்சி, ஒடம்பு ஆறிப்போச்சுன்னா பெறகு தூக்க முடியாது" என்றான் மீரான். "விடுங்க தம்பி, அந்த மனுசன் நாளைக்கு அறுநூறு பேருக்குச் சோறு போடணும்" என்றார் பூதலிங்கம். சோறு போடணும். ஆமா.

எழுந்தான். சாக் பொடி. கால் வைப்பு. கெண்டைக்கால் உரசல். இந்தத் தடவை மூச்சை இழுக்கும்போதே பயத்தையும் சேர்த்து இழுத்து வயிற்றில் அடைத்த மாதிரி இருந்தது, பெல்ட் அதையும் வைத்துக் கட்டிக்கொண்டது. வெளியே போகவும் வழியில்லாமல் அது உள்ளே முட்டியது. முட்டட்டும். மிதித்து எழுந்தான். முட்டியைத் தாண்டும்போது முதுகு நடுவே ஒரு நரம்பு என்னை மறந்துட்டியா என்று கேட்டது. நிமிர்ந்தான். மீரான் எண்ணத் தொடங்கினான். ஒன்று, ரெண்டு. இந்தத் தடவை கை தூரத்தில் போகவில்லை, பக்கத்திலேயே இருந்தது, ஒவ்வொரு விரலும் தனித்தனி ஆளாக நின்று பாரம் சுமந்தது தெரிந்தது. மூணு, நாலு. நாலைத் தாண்டியாயிற்று. அஞ்சு. ஆறு என்று மீரான் சொன்னபோது இடது மோதிரவிரலுக்கு அடியில் காய்ப்பு பிய்ந்தது. சுருக்கென்று பிய்ந்து, தோல் சுருண்டு, பச்சைச் சதையில் இரும்பின் சொரசொரப்பு அப்பியது. சுட்டது. சூடே இல்லாத இரும்பு சுட்டது, அன்றைக்குச் சுட்ட அதே இடம், அதே சூடு. கை துள்ளியது. சுண்டுவிரல் கழன்றது. இதோ, இதோ திறக்கப் போகுது, தானாகத் திறக்கப் போகுது, பார்த்துக்கொள் என்று பலவேசம் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றான். திறக்கவில்லை. சுட்டதுக்கும் திறப்பதுக்கும் நடுவே ஒரு இடம் இருந்தது. சின்ன இடம், காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்து வெடிக்கிற நேரம். அந்த நேரத்துக்குள் கை நின்றது, நின்று, அவனைக் கேட்டது. விடவா? கேட்கத்தான் செய்தது. சத்தியமாய்க் கேட்டது. வேண்டாம் என்றான். சுண்டுவிரல் திரும்பி வந்து ராட்டைக் கவ்விக்கொண்டது. ஏழு. எட்டு. அப்படியானால் அன்றைக்கும் கேட்டிருக்கிறது. ரெண்டாவது எட்டில், ஆவிக்கு நடுவே, இந்தக் கை அவனைக் கேட்டிருக்கிறது. விடவா என்று கேட்டதுக்கு, வாயைத் திறந்து அந்த ஒரு சொல்லை ஆவுடைக்குச் சொல்ல நேரம் இருந்திருக்கிறது, ஒரு சொல்லுக்குப் போதுமான நேரம். அவன் சொல்லவில்லை. விடு என்று கைக்குத்தான் சொன்னான். எதிரே நின்றவருக்குச் சொல்லவில்லை. என் கை, என் தோல், முதலில் நான். ஒன்பது. வழுக்கவும் இல்லை, தானாகத் திறக்கவும் இல்லை. பத்து. விட்டேன். நான் விட்டேன். பதினொன்று, பன்னிரண்டு என்று மீரான் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "போதும் அண்ணாச்சி, எறக்குங்க, போதும், எறக்குங்கங்கேன்!" ராட்டைப் பிள்ளையைப் படுக்கவைக்கிற மாதிரி தரையில் வைத்தான் பலவேசம். சத்தமே வரவில்லை. "அப்படிப் போடு!" என்று பூதலிங்கம் கைதட்டினார். மீரான் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்து, "இந்தக் கையையா பழுது பழுதுன்னு அஞ்சு மாசமா அழுதீய? கையில ஒரு பழுதும் கெடையாது" என்றான். ஆமா, கையில் பழுது கிடையாது. பத்து எண்ணியாயிற்று, ஜெயித்தாயிற்று, இதைவிடக் கேடு வேறு எதுவும் வந்திருக்க முடியாது என்று பலவேசத்துக்குத் தெரிந்தது. பலமில்லாத கை என்றால் பலம் ஏற்றலாம், அதற்கு ராடு இருக்கிறது, வில் இருக்கிறது. இதற்கு எந்த ஜிம்மில் என்ன தூக்க? சும்மா, வருதேன் அண்ணாச்சி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய் நின்றால் என்ன? கை தாங்கும். இன்றைக்குத் தாங்கியது, நாளைக்கும் தாங்கும். யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். பிடிச்சாச்சா என்று அவர் கேட்பார். பிடிச்சாச்சு என்று சொல்ல விட்டவனுக்கு வாய் வருமா? அந்தச் சொல்லைச் சொன்ன பிறகும், அந்தக் கடுகு நேரத்தில் கை மறுபடி கேட்கும். எத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லுவேன்? ஒரு தடவை சொன்னேன். அதுவும் இரும்புக்கு. இரும்பு விழுந்தால் தரைதான் உடையும்.

போனை எடுத்து வாசலுக்கு வந்தான். நாலு அம்பத்தஞ்சு. ரத்தம் திரையில் பிசுபிசுத்தது, வலது கையால் துடைத்துவிட்டு அமுக்கினான். ஆவுடை காய்கறிச் சந்தையில் நின்றார் போல, பூசணிக்காய்க்கு யாரோ விலை பேசுகிற சத்தம்.

"சொல்லு. வாரியா, வரலியா?"

"அண்ணாச்சி, அன்னைக்கு வழுக்கல."

"என்னது? சத்தமாச் சொல்லு, இங்க ஒரே எரைச்சல்."

"வழுக்கல அண்ணாச்சி. ஈரத்துணியப் பிடிச்சிட்டேன். சுட்டுது. விட்டுட்டேன். ஒங்கள்ட்ட சொல்ல நேரம் இருந்துச்சி. சொல்லாம விட்டுட்டேன்."

பூசணிக்காய் விலை நின்றுபோயிற்று. "இரும்வே, நீரு ஒரு பக்கம்" என்று ஆவுடை யாரிடமோ சொன்னது கேட்டது. ஒரு லாரி பின்னால் வருகிற பீப்பீ சத்தம். செருப்பு இழுபடுகிற சத்தம், சாய்த்துச் சாய்த்து நடந்து எங்கோ ஓரமாகப் போகிறார். பலவேசம் பெல்ட்டுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இத ஏன் இப்பச் சொல்லுத?"

"நாளைக்கு எதிர்ல நிக்கணும்லா."

"நான் அஞ்சு மாசமா வழுக்கிட்டுன்னு நெனச்சித்தாம்ல தூங்கிக்கிட்டு இருக்கேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். "வழுக்குனவன் கூட நிக்கலாம். யாருக்கும் வழுக்கும். விட்டவன் கூட எப்படிலே நிக்கது?"

பலவேசம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். தெரு நாய் ஒன்று அவன் காலை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ஆவுடைக்கு இனி என்ன பேச இருக்கிறது? வைத்துவிடுவார். இப்போது வைத்துவிடுவார். வேறு ஆளுக்குச் சொல்லிவிடுவார், அதுதான் நியாயம், வைத்துவிட்டால் நல்லதுகூட, நாளைக்கு அந்த ரெண்டாவது எட்டு இல்லை. வைக்காமல் இருக்கணுமே என்று இருந்தது. ரெண்டும் ஒரே நேரத்தில் இருந்தது.

"நாலு மணிக்கு வா" என்றார் ஆவுடை.

"சோத்துப் பக்கமா அண்ணாச்சி?"

"அதெல்லாம் இப்பச் சொல்ல முடியாது. வந்து என் முன்னால நில்லு. உன் மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லுதேன். தேங்காத் துருவச் சொன்னாலும் உக்காந்து துருவணும், போயிரக்கூடாது." வைத்துவிட்டார்.

உள்ளே மீரான் பிளேட்டுகளைக் கழற்றிச் சுவரில் சாய்க்கிற சத்தம், ஒவ்வொன்றாய். வெயில் இன்னும் இறங்கவில்லை. பலவேசம் இடது கையை மடக்கிப் பார்த்தான், எரிந்தது, விரித்துப் பார்த்தான், எரிந்தது. நாலு மணிக்கு இன்னும் பதினோரு மணி நேரம் கிடக்கிறது. அதுவரைக்கும் பஸ் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, செத்துப்போன சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், எதை வேண்டுமானாலும் சொல்லிப் போகாமல் இருக்கலாம். இத்தனையும் திறந்து கிடக்கிறது. அவன் வீட்டுக்குப் போன் போட்டான்.

"முப்பிடாதி, மூணு மணிக்கு எழுப்பி விடு."

"எதுக்கு?"

"கல்லிடைக்குறிச்சிக் கல்யாணத்துக்கு."

"சோத்துப் பக்கமா?"

"தெரியல."

"என்ன வேலன்னே தெரியாம விடியக்காலம் கெளம்பிப் போவீயளோ?"

"ஆமா. தெரியாமத்தான் போணும்."

ஒரு கேலி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"சரி" என்றாள். "நானும் முழிச்சித்தான் கெடப்பேன், எழுப்புதேன்."